மா: ஓர் எழுத்து, ஊருக்கு ஒரு பொருள்

யாழ்ப்பாணத்தில் பிறந்த நண்பர் ஒருவர் முதன்முறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது சமையலறையில் புட்டுக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. அவர் எட்டிப் பார்த்து, “மா வறுத்ததா, பச்சையா?” என்று கேட்டார். அம்மாவுக்கு ஒரு நொடி ஒன்றும் விளங்கவில்லை. மாங்காயை யார் வறுப்பார்கள் என்று நினைத்திருக்கிறார். நண்பர் கேட்டது அரிசி மாவைப் பற்றி. தமிழ்நாட்டில் நாம் மாவு என்கிறோம். இலங்கையில் மா என்றே சொல்வார்கள்: அரிசி மா, கோதுமை மா, உளுத்தம் மா.

அன்று தொடங்கிய ஆர்வம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. ஒரே தமிழ் பேசும் இரண்டு பேருக்கு நடுவிலேயே இந்தச் சின்னச் சொல் இப்படித் தடம் மாறுகிறது என்றால், மற்ற மொழிகளில் இது என்னவெல்லாம் ஆகியிருக்கும்? தேடத் தேட ஒன்று தெளிவானது. ‘மா’ என்ற ஒலி இல்லாத மொழியைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். அது இருக்கும் மொழிகளில் எல்லாம் ஏதோ ஒரு பொருளோடு உட்கார்ந்திருக்கிறது. இப்படி ஒரே ஒலி பல மொழிகளில் இருப்பதற்கு என்னென்ன காரணங்கள் இருக்கலாம் என்பதைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு விளக்க, இதைவிட நல்ல சொல் எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் நம் வீட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம். ஒரே எழுத்து ஒரு முழுச் சொல்லாக நின்று பொருள் தந்தால் அதை ஓரெழுத்து ஒருமொழி என்பார்கள். பூ, தீ, கை, நா, வா, போ எல்லாம் அந்த வகை. இப்படிச் சிறப்பாக வருபவை மொத்தம் 42 என்று நன்னூலில் பவணந்தி முனிவர் கணக்குச் சொல்லியிருக்கிறார். அவற்றில் 40 நெடில். நொ, து என்ற இரண்டு மட்டும் குறில். மகர வரிசையில் மட்டும் ஆறு: மா, மீ, மூ, மே, மை, மோ. இந்த ஆறில் அதிகச் சுமை தூக்குவது மா.

மா என்றால் மாமரம். மா என்றால் மாவு. மா என்றால் விலங்கு. குறிப்பாகக் குதிரை, யானை. மா என்றால் பெரிய. மா என்றால் கருமை. மாநிறம் என்கிறோமே, அதிலும் நிறத்தைச் சொல்வது இந்த எழுத்துதான். இவை போக மா என்பது ஒரு பின்னம், ஒரு நில அளவு. அகராதியைப் பிரித்தால் இன்னும் பல உண்டு.

விலங்கு என்ற பொருள் மிகப் பழையது. ‘மாவும் மாக்களும் ஐயறி வினவே’ என்பது தொல்காப்பிய மரபியல். மா என்பது விலங்கு. மாக்கள் என்பது மனித உருவில் இருந்தும் பகுத்தறிவு வாய்க்காதவர்கள். ஆறறிவு உள்ளவர்களை அதே மரபியல் மக்கள் என்கிறது. ம என்ற குறில் மா என்று நீளும் அந்த ஒரு மாத்திரையில் மனிதர் விலங்கின் பக்கம் போய்விடுகிறார். ஓர் உயிரெழுத்தின் நீளத்துக்கு இவ்வளவு வேலை கொடுத்த மொழி நம்முடையது என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

‘பெரிய’ என்ற பொருளை நாம் தினமும் செய்தித்தாளில் பார்க்கிறோம். மாநகராட்சி, மாவட்டம், மாநாடு, மாவீரன். மாநிலம் என்றால் பழைய இலக்கியத்தில் பெரிய நிலம், அதாவது உலகம்; இன்று அது உலகத்திலிருந்து ஓர் அரசின் எல்லைக்குள் சுருங்கிவிட்டது. இந்த மா வடமொழி ‘மஹா’விலிருந்து வந்தது என்பவர்களும் உண்டு, தமிழுக்கே உரியது என்பவர்களும் உண்டு.

சரி, இத்தனை மாக்களும் ஒரே மாதிரி ஒலித்தால் குழப்பம் வராதா? வராது. தமிழ் ஒரு வழி வைத்திருக்கிறது. அடுத்த சொல்லோடு சேரும்போது ஒவ்வொரு மாவும் வேறு மாதிரி நடந்துகொள்ளும். மரத்தைக் குறிக்கும் மா என்றால் நடுவில் மெல்லின எழுத்து ஒன்று வந்து நிற்கும்: மா + காய் மாங்காய், மா + பழம் மாம்பழம், மா + தோப்பு மாந்தோப்பு. சென்னைக்குப் பக்கத்தில் உள்ள மாங்காடு மாமரக் காடு. மாவைக் குறித்தால் வல்லினம் மிகும்: அரிசி மாவில் போடுவது மாக்கோலம். அதை மாங்கோலம் என்று யாரும் சொல்வதில்லை. பெரிய என்ற பொருளில் வந்தால் பெரும்பாலும் நடுவில் எதுவும் வராது: மாபெரும். மாம்பழம், மாக்கோலம், மாபெரும் ஆகிய மூன்றையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். காதுக்கு எந்த மா என்று தெரிந்துவிடுகிறது. இலக்கணம் படிக்காத பாட்டிகூட இதில் தவறுவதில்லை.

பின்னக் கணக்கில் வரும் மாவைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஏனென்றால் இது நம் கண்ணெதிரிலேயே மறைந்துகொண்டிருக்கிறது. மா என்றால் இருபதில் ஒரு பங்கு. காணி என்றால் எண்பதில் ஒன்று. முந்திரி என்றால் முந்நூற்று இருபதில் ஒன்று. மாவும் காணியும் சேர்ந்தால் மாகாணி. கூட்டிப் பாருங்கள்: எண்பதில் நான்கும் எண்பதில் ஒன்றும் சேர்ந்து எண்பதில் ஐந்து, அதாவது பதினாறில் ஒன்று. ரூபாய்க்கு 16 அணா என்று இருந்த காலத்தில் ஓர் அணா என்பது ரூபாயில் மாகாணி. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் இதை வாய்ப்பாடாகப் பாடிப் படித்தார்கள்.

தஞ்சாவூர்ப் பக்கம் இந்த மா இன்னும் உயிரோடு இருக்கிறது. “அவருக்கு மூணு மா நிலம்” என்றால் அங்கே யாருக்கும் விளக்கம் தேவையில்லை. 20 மா சேர்ந்தால் ஒரு வேலி. இருபதில் ஒன்று என்ற பின்னப் பொருள் அப்படியே நிலத்தில் இறங்கியிருக்கிறது. ஒரு மாவுக்கு 100 குழி. குழியின் அளவு ஊருக்கு ஊர் மாறும். 12 அடிக்கு 12 அடி, அதாவது 144 சதுர அடி என்று வைத்துக்கொண்டால் ஒரு மா 14,400 சதுர அடி, ஏறக்குறைய 33 சென்ட். மூன்று மா என்றால் ஓர் ஏக்கருக்குக் கிட்டத்தட்டச் சரியாக வரும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நிலத்தை வேலி, மா, காணி, முந்திரிகை என்று நுணுக்கி நுணுக்கி அளந்து எழுதியிருக்கிறார்கள். கணினியில் எழுத முடியாமல் இருந்த இந்தப் பின்னக் குறியீடுகளுக்கு 2019இல் ஒருங்குறியில் இடம் கிடைத்தது.

பின்னத்தையும் மரத்தையும் ஒரே மூச்சில் வைத்து விளையாடியவர் காளமேகப் புலவர். முக்கால், அரை, கால், அரைக்கால், இருமா, மாகாணி, ஒருமா என்று அளவு இறங்கிக்கொண்டே போகும்படி ஒரு வெண்பா பாடினார். அதன் முடிவு இது:

‘விக்கி இருமாமுன் மாகாணிக் கேகாமுன் கச்சி
ஒருமாவின் கீழரையின் றோது.’

கணக்காகப் படித்தால் இருமா என்பது பத்தில் ஒன்று. பொருளாகப் படித்தால் ‘விக்கலெடுத்து இருமுவதற்கு முன்’. மாகாணி பதினாறில் ஒன்று. கூடவே ‘பெரிய காணி’, அதாவது சுடுகாடு. ஒருமா இருபதில் ஒன்று. கூடவே காஞ்சிபுரத்தில் ஒற்றை மாமரத்தின் கீழ் இருக்கும் சிவன். முதுமை வந்து இருமத் தொடங்கும் முன், சுடுகாட்டுக்குப் போகும் முன், கச்சியில் ஒரு மாவின் கீழ் இருப்பவரை இன்றே ஓது என்கிறார். இரண்டு வரிகளில் மூன்று மா, மூன்றும் இரண்டு இரண்டு பொருள். அந்தக் கோயிலின் பெயரான ஏகாம்பரம் என்பதிலும் ‘ஒரு மா’தான் இருக்கிறது. ஏகம் ஒன்று, ஆம்ரம் மாமரம். ஏகாம்ரம் நம் வாயில் ஏகாம்பரம் ஆனது.

மாமரத்துக்கு வடமொழியில் ஆம்ரம், இந்தியில் ஆம். ஆனால் உலகின் பெரும்பகுதி அந்தப் பழத்தை அழைப்பது தெற்கத்திப் பெயரால். காரணம் கப்பல். போர்த்துகீசியர்கள் 1498இல் வந்து இறங்கியது கோழிக்கோட்டுப் பக்கம். அங்கே மலையாளத்தில் அது மாங்ங. மலாய் மொழியிலும் தமிழ் மாங்காயிலிருந்து போன மங்கா ஏற்கெனவே இருந்தது. போர்த்துகீசியர் அதை மங்கா என்று எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்களிடமிருந்து ஆங்கிலத்துக்கு மாங்கோ ஆகவும் பிரெஞ்சுக்கு மாங்க் ஆகவும் போனது. சீனர்கள் மாங்குவோ என்கிறார்கள். அதில் வரும் குவோ அவர்கள் மொழியிலேயே பழம் என்று பொருள்படும் சொல் என்பதால் பெயர் கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மா + காய் சேர்ந்தபோது நடுவில் வந்து நின்ற அந்த மெல்லினம், அந்த ‘ங்’, இன்று உலகின் எத்தனையோ மொழிகளில் ஒலிக்கிறது. லிஸ்பன் கடையில் ஒருவர் மங்கா கேட்கும்போது நம் புணர்ச்சி விதி ஒன்று அவர் வாயில் இருக்கிறது. அந்தக் காலத்தில் நெடுந்தூரக் கப்பலில் மாம்பழம் கெடாமல் போய்ச் சேராது, ஊறுகாயாகத்தான் போகும். அதனால் ஆங்கிலத்தில் ஒரு காலத்தில் ‘மாங்கோ’ என்பது ஊறுகாய் போடுவதையே குறிக்கும் வினைச்சொல்லாகவும் இருந்தது. அமெரிக்காவின் நடுப்பகுதி ஊர்கள் சிலவற்றில் குடைமிளகாயைக்கூட மாங்கோ என்று அழைத்தார்கள். மரம் பார்க்காதவர்களிடம் பெயர் மட்டும் போய்ச் சேர்ந்தால் இப்படி நடக்கும்.

ஒரே ஒலி இரண்டு மொழிகளில் இருப்பதற்கு இது ஒரு காரணம்: கடன். கடனுக்கு எப்போதும் ஒரு வழித்தடம் இருக்கும். யார், எந்தத் துறைமுகத்தில், எந்தப் பொருளோடு எடுத்துப் போனார்கள் என்று காட்ட முடியும்.

இனி சீனத்துக்கு வருவோம். சீன மொழியில் மா என்று சொன்னால் மட்டும் போதாது; எந்தச் சுருதியில் சொல்கிறீர்கள் என்பதும் சொல்லின் பகுதி. மேலே ஒரே நிலையில் நீட்டினால் மா, அம்மா. கேள்வி கேட்பதுபோல் மேலேற்றினால் சணல் வகைச் செடி அல்லது மரத்துப்போதல். கீழே இறக்கி மறுபடி மேலே தூக்கினால் குதிரை. மேலிருந்து வெட்டியதுபோல் இறக்கினால் திட்டுதல். அழுத்தமில்லாமல் வாக்கியத்தின் கடைசியில் ஒட்டினால் கேள்வி; நம் ‘வந்தாயா’வில் வரும் ஆ மாதிரி. சீனம் கற்பவர்களுக்கு முதலில் சொல்லிக் கொடுக்கும் நாப்பழக்க வாக்கியம் ஒன்று: அம்மா குதிரை ஏறினாள், குதிரை மெதுவாகப் போனது, அம்மா குதிரையைத் திட்டினாள். அதில் அம்மா, குதிரை, திட்டினாள் மூன்றுமே மா.

இது நமக்கு விசித்திரமாகப் படலாம். ஆனால் சுருதியை மாற்றிப் பேசுவது நமக்கும் பழக்கம்தான். “சரி” என்பதைச் சட்டென்று வெட்டிச் சொன்னால் சம்மதம். இழுத்து மேலேற்றினால் கேள்வி. அலுப்போடு இறக்கினால் ‘இதற்கு மேல் பேசாதே’. வேறுபாடு என்னவென்றால், தமிழில் சுருதி மாறினால் பேசுபவரின் மனநிலை மாறுகிறது, சொல் அதே சொல்தான். சீனத்தில் சுருதி மாறினால் சொல்லே மாறிவிடுகிறது. எழுத்தும் வேறு. ஆனாலும் அம்மாவைக் குறிக்கும் எழுத்துக்குள் ஒரு குதிரை எழுத்து இருக்கும், பக்கத்தில் பெண் என்ற குறி. திட்டுவதைக் குறிக்கும் எழுத்திலும் குதிரை உண்டு. அவை பொருளுக்காக வைத்தவை அல்ல. ‘இதை மா என்று படி’ என்று ஒலியைச் சொல்லிக் கொடுப்பதற்காக வைத்தவை.

சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கும் தமிழர்களுக்கு இந்த மாக்கள் அன்றாடம் எதிர்ப்படுபவை. உணவகங்களில் கேட்கும் ‘மாலா’ சமையலில் மா என்பது நாக்கு மரத்துப்போவது, லா என்பது காரம். மலேசியாவின் பெயரைச் சீனத்தில் எழுதும்போது முதல் எழுத்து குதிரை எழுத்து. பத்திரிகைத் தலைப்புகளில் நாட்டின் பெயரைச் சுருக்கி அந்த ஒரு எழுத்தை மட்டும் போடுவதும் உண்டு. அலிபாபா நிறுவனத்தைத் தொடங்கிய ஜாக் மாவின் குடும்பப் பெயரும் அதே குதிரைதான்.

வியட்நாமிய மொழியிலும் இதே கதை, ஆனால் பொருள்கள் வேறு. அங்கே ஆறு சுருதிகள். அதன்படி மா பேயாகும், தெற்கு வியட்நாமில் அம்மாவாகும், ‘ஆனால்’ ஆகும், கல்லறையாகும், குதிரையாகும், நெல் நாற்றாகும். தாய்லாந்தில் ஒரு மா ‘வா’, ஒரு மா நாய், ஒரு மா குதிரை.

குதிரை திரும்பத் திரும்ப வருகிறதே என்று கவனித்திருப்பீர்கள். சங்கத் தமிழிலும் மா குதிரைதான். அப்படியானால் சீன மாவும் தமிழ் மாவும் ஒன்றா? இந்தக் கேள்வியில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். ஒலி ஒன்று, பொருளும் ஒன்று, ஆகவே இது அங்கிருந்து வந்தது அல்லது இங்கிருந்து போனது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். தமிழ்மீது உள்ள அன்பில் நானும் ஒரு காலத்தில் அப்படி எழுதப்பட்டவற்றை நம்பியிருக்கிறேன். இப்போது நான் செய்வது ஒன்றே ஒன்று: இரண்டு சொற்களையும் காலத்தில் பின்னோக்கி நடத்திப் பார்ப்பது. உறவுச் சொற்கள் என்றால் பின்னால் போகப் போக நெருங்கி வர வேண்டும். தற்செயல் என்றால் விலகிப் போகும்.

தமிழ் மாவைப் பின்னோக்கி நடத்தினால் அது பொதுவாக விலங்கு என்ற பொருளில் போய் நிற்கிறது. குதிரை என்பது அதிலிருந்து கிளைத்தது. மான் என்ற சொல்லும் அதன் பக்கத்தில்தான் இருக்கிறது. ‘கடாஅ யானைக் கலிமான் பேக’ என்று புறநானூறு பேகனை அழைக்கும்போது, அந்த மான் காட்டு மான் அல்ல, செருக்குள்ள குதிரை. சீன மாவை நடத்தினால் அது தொடக்கத்திலிருந்தே குதிரைதான். பழஞ்சீன ஒலியைத் திரும்பக் கட்டிப் பார்த்த அறிஞர்கள் அதில் மகரத்துக்குப் பின்னால் ஒரு ரகரமும் இருந்தது என்கிறார்கள், ‘ம்ரா’ என்பது போல. அதாவது இரண்டும் இன்று சந்திக்கின்றன, நேற்று தள்ளி நின்றன. வியட்நாம், தாய்லாந்துக் குதிரைகள் சீனத்தோடு தொடர்புள்ளவை. நம் குதிரை தனி.

இப்படிப்பட்ட தற்செயல் நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். தமிழில் 18 மெய்யும் 12 உயிரும் சேர்ந்து 216 உயிர்மெய். பெரும்பாலான மொழிகளில் ஒரு மெய்யும் ஓர் உயிரும் சேர்ந்த ஒலிகள் அதிகம் போனால் சில நூறுதான் இருக்கும். உலகில் மொழிகளோ ஏறத்தாழ 7,000. அத்தனை மொழிகளும் தங்கள் சின்னச் சொற்களை இந்தச் சில நூறு ஒலிகளுக்குள் அடக்க வேண்டும். அதிலும் உதட்டை மூடித் திறந்தால் வரும் மகரமும், வாயைத் திறந்தால் வரும் ஆகாரமும் கிட்டத்தட்ட எல்லா மொழியிலும் உண்டு. எனவே மாவில் கூட்டம் அதிகம். ஹங்கேரியனில் மா என்றால் இன்று. எஸ்டோனியனில் நான். ஃபின்னிஷில் நாடு, மண். போலிஷில் ‘வைத்திருக்கிறான்’. ஹீப்ருவில் என்ன. ஜப்பானியத்தில் இடைவெளி, இரண்டு தூணுக்கு நடுவில் உள்ள இடமும் அதுதான், பேச்சில் விடும் நிறுத்தமும் அதுதான். கதை சொல்பவருக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாவிட்டால் ‘மா’ இல்லை என்பார்கள். முட்டாளுக்கு அவர்கள் வைத்திருக்கும் ஒரு சொல் ‘மானுகே’, மா விட்டுப்போனவன்.

பின்னோக்கி நடத்திப் பார்க்கும் வழி எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு ஐரோப்பாவில் ஓர் அழகான எடுத்துக்காட்டு உண்டு. இத்தாலியனில் மா என்றால் ‘ஆனால்’. பிரெஞ்சில் மா என்றால் ‘என்’, பெண்பாலுக்கு முன்னால் வருவது. இரண்டும் லத்தீனின் பிள்ளைகள், பக்கத்துப் பக்கத்து நாடு, ஒலியும் ஒன்று. ஆனாலும் சொந்தம் இல்லை. இத்தாலிய மா ‘மகிஸ்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து தேய்ந்தது. அதற்கு ‘மேலும்’ என்று பொருள். பிரெஞ்சு மா ‘மெயா’விலிருந்து வந்தது. இத்தாலிய மாவுக்கு உண்மையான உடன்பிறப்பு பிரெஞ்சில் ‘மே’ என்று ஒலிக்கும் ‘ஆனால்’. அதுவும் மகிஸ் பெற்ற பிள்ளை. ஒன்றுபோல் ஒலிப்பவை அந்நியர், வேறுபோல் ஒலிப்பவை உறவு. பிரெஞ்சு மாவை நீங்கள் தினமும் பயன்படுத்தவும் செய்கிறீர்கள்: மேடம் என்பது அவர்கள் மொழியில் மா என்ற ‘என்’னும் டாம் என்ற ‘சீமாட்டி’யும் சேர்ந்த சொல். வகுப்பில் பிள்ளைகள் “மேம்” என்று கூப்பிடும்போது பாதி தேய்ந்த ஓர் ‘என்’ அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வடமொழியில் மா என்பதற்கு உள்ள பொருள்களில் எனக்குப் பிடித்தது ‘வேண்டாம்’. இணையாக இருந்த கிரௌஞ்சப் பறவைகளில் ஒன்றை வேடன் அடித்துவிட, வால்மீகியின் வாயிலிருந்து தானாக வந்த முதல் சுலோகம் ‘மா நிஷாத’ என்று தொடங்குகிறது. தமிழ்க் காதோடு கேட்டால் ‘பெரிய வேடனே’ என்று தோன்றும். அது ‘கூடாது’ என்ற மறுப்பு. வேடனே, உனக்கு நிலைபேறு கிடைக்காது போகட்டும் என்ற துயரத்தின் முதல் எழுத்து. பழைய கிரேக்கத்தில் இதே ‘வேண்டாம்’ மே என்று இருக்கிறது. இதுவும் தற்செயலா? இல்லை. வடமொழியில் ஆகாரம் வரும் பல இடங்களில் கிரேக்கத்தில் ஏகாரம் வருவது ஒழுங்காக நடக்கிறது. வடமொழி மாஸம், கிரேக்கத்தில் மேன், இரண்டும் மாதம்தான். (நம் மாதமும் அந்த மாஸத்திலிருந்து வந்தது.) ஒரு சொல்லில் மட்டும் பொருந்தினால் தற்செயல். பல சொற்களில் ஒரே மாற்றம் திரும்பத் திரும்ப வந்தால் அது குடும்பம்.

அந்தக் குடும்ப ஒழுங்கை நம் பக்கத்து வீட்டிலேயே பார்க்கலாம். தெலுங்கில் மா என்றால் ‘எங்கள்’. மா ஊரு என்றால் எங்கள் ஊர். முதல் பார்வைக்கு எங்கள் என்பதற்கும் மா என்பதற்கும் ஒட்டே இல்லை. பழந்தமிழில் எங்கள் என்பதற்கு எம் என்பார்கள், எம் ஊர். இப்போது தெலுங்கு ஒரு வேலை செய்கிறது: முன்னால் நிற்கும் உயிரைப் பின்னால் தள்ளி, மெய்யை முன்னால் கொண்டுவருகிறது. தமிழில் உள், தெலுங்கில் லோ. தமிழில் அவன், தெலுங்கில் வாடு. தமிழில் எம், தெலுங்கில் மா. மூன்றிலும் ஒரே திருப்பம். சீனத்துக் குதிரை நம் மாவைப் போலவே ஒலித்தும் உறவில்லை. தெலுங்கு மா நம் எந்த மாவோடும் சேராமல், மாறுவேடத்தில் இருக்கும் எம்.

கடைசியாக அம்மா. இந்தியில் மா, சீனத்தில் மா, வியட்நாமின் தெற்கில் மா, திபெத்தியத்தில் மா. இவை கடனும் அல்ல, எல்லாம் ஒரே குடும்பமும் அல்ல, வெறும் தற்செயலும் அல்ல. இதற்கு விளக்கம் சொன்னவர் ரோமன் யாக்கப்சன் என்ற மொழியியல் அறிஞர். மானிடவியலாளர் ஜார்ஜ் மர்டாக் பல மொழிகளிலிருந்து தாய், தந்தையைக் குறிக்கும் 1,072 சொற்களைத் திரட்டியிருந்தார். அவற்றில் தாயைக் குறிக்கும் சொற்களில் 55 சதவீதத்தில் ம, ந, ங போன்ற மூக்கொலிகள் இருந்தன. தந்தையைக் குறிப்பவற்றில் 15 சதவீதம்தான். யாக்கப்சன் காரணம் சொன்னார்: பால் குடிக்கும் குழந்தையின் வாய் அடைத்திருக்கும். அப்போது அது முனகினால் ஒலி மூக்கு வழியாகத்தான் வர முடியும். ‘ம்ம்’ என்ற அந்த முனகல் பிறகு பசிக்கும்போதும் வருகிறது, பால் கொடுப்பவரைத் தேடும்போதும் வருகிறது. வாய் திறக்கும்போது பின்னால் ஓர் ஆ சேர்கிறது. குழந்தை ஒலியைக் கொடுக்கிறது. ‘என்னைத்தான் கூப்பிடுகிறது’ என்று பொருளைக் கொடுப்பவர் அம்மா.

பொருளைக் கொடுப்பது பெரியவர்கள்தான் என்பதற்குச் சாட்சி ஜார்ஜியா. அந்த நாட்டு மொழியில் மாமா என்றால் அப்பா. அம்மாவுக்கு தேதா. தலைநகர் திபிலிசியில் மலைமேல் நிற்கும் பெரிய பெண் சிலைக்கு ‘கார்த்லிஸ் தேதா’ என்று பெயர், ஜார்ஜியாவின் தாய். அங்கே ஒரு குழந்தை மாமா என்று முதலில் உளறும்போது அப்பாதான் ஓடி வருவார். ஆஸ்திரேலியப் பழங்குடி மொழிகளில் ஒன்றான பிட்ஜன்ட்ஜராவிலும் மாமா அப்பாதான். நமக்கு மாமா தாயோடு பிறந்தவர். சிங்களத்தில் குறிலாக ‘மம’ என்றால் நான்.

தமிழில் அந்த மழலை மா இன்னொரு வேலையும் பார்க்கிறது. அம்மா என்பதன் வால் கழன்று, எந்த வினையோடும் ஒட்டிக்கொள்கிறது: வாம்மா, சொல்லும்மா, சாப்பிட்டியாம்மா. அப்பா பள்ளிக்கூட வாசலில் ஆறு வயது மகளின் பையை வாங்கிக்கொண்டு “வாம்மா, போலாம்” என்கிறார். காய்கறிக் கடைக்காரர் எழுபது வயதுப் பாட்டியிடம் “என்னம்மா வேணும்” என்கிறார். அவர் கூடையில் மாங்காயும் இருக்கிறது.